செயலாளரின் ஆண்டறிக்கை – 2024

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிருவாக சபை உறுப்பினர்களே, பெற்றோரே, ஆசிரியர்களே,

மட்டக்களப்பில் மாற்றுத்திறன் கொண்ட மாணவர்களின் கல்விக்காக இயங்கும் எமது சங்கத்தின் கடந்த ஆண்டுப் பணிகளைப் பொதுச் சபையின் முன் வைக்கின்றேன். வரவு செலவு விபரங்களைப் பொருளாளர் சமர்ப்பிப்பார்.

விழிப்புலனற்ற மாணவர்களின் வாசிப்பே இவ்வாண்டு எமது உழைப்பின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. அன்பளிப்பாகக் கிடைத்த பழைய மடிகணினிகளைத் திருத்தி, திரையிலுள்ள எழுத்தை உரக்க வாசிக்கும் மென்பொருளான, இலவசமாகக் கிடைக்கும் என்.வி.டி.ஏ. திரைவாசிப்பானை நிறுவிக் கொடுத்தோம். அதன் தமிழ்க் குரல் இயந்திரத்தனமானதுதான். ஆயினும் பிள்ளைகள் விரைவில் பழகிக்கொண்டு, எம்மால் பின்தொடர முடியாத வேகத்தில் அதைக் கேட்கின்றனர். இடர்ப்பாடு வேறிடத்திலிருந்து வந்தது. செயலட்டைகளும் தவணைப் பரீட்சை வினாத்தாள்களும் பெரும்பாலும் பாமினி எழுத்துருவிலேயே தட்டச்சாகின்றன. பாமினி திரையில் தமிழாகத் தோன்றினும் கோப்பினுள்ளே ஆங்கில எழுத்துகளாகவே இருப்பதால், ‘அம்மா’ என்ற சொல் கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற வரிசையாகும். திரைவாசிப்பானும் அந்தக் குழப்பத்தையே ஒலிக்கின்றது. படமாக ஸ்கேன் செய்யப்பட்ட கடந்தகால வினாத்தாள்களிலோ அதற்கு வாசிக்க எழுத்தே இல்லை.

ஆகவே புதிய கருவிகள் வாங்குவதை நிறுத்திவைத்து, மட்டக்களப்பு வாவியின் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் உள்ள ஆசிரியர்களுக்கு, தமிழ் எழுத்துகளைத் தமிழாகவே கோப்பில் பதியும் யூனிகோட் முறையில் தட்டச்சுப் பயிற்சி வழங்கினோம். பாமினி விசையமைப்பிலேயே யூனிகோட் எழுத உதவும் மென்பொருள்கள் உள்ளமையால், பழகிய விரல்களை மாற்ற வேண்டியதில்லை என்று அறிந்ததும் தயக்கம் பெரிதும் நீங்கியது. பழைய கோப்புகளை எழுத்துரு மாற்றி மென்பொருள்களின் மூலம் யூனிகோடாக்கலாம். எனினும் இடையிடையே வரும் ஆங்கிலச் சொற்களும் சமன்பாடுகளும் அப்போது சிதைவதால், விஞ்ஞான, கணித வினாத்தாள்களை ஒருவர் வரிவரியாகச் சரிபார்த்தே ஆகவேண்டும்.

கணினி வந்தபின், புள்ளிகளை விரலால் தடவி வாசிக்கும் பிரெயில் எதற்கு என்று சில பெற்றோர் வினவினர். காதால் மட்டுமே படிக்கும் பிள்ளைக்கு ன, ண, ந எழுத்துகள் எங்கே வரும் என்பது தெரியாமலே போகின்றது. எழுத்துப்பிழையின்றி எழுத விரல்வழி வாசிப்பு அவசியம் என்பதால் பிரெயில் வகுப்பைக் கைவிடவில்லை.

செவிப்புலன் உதவிக் கருவிகள் கரையோர ஈரப்பதனால் பழுதடைவதைத் தடுக்க, இரவில் அவற்றை வைப்பதற்கு சிலிக்கா ஜெல் இட்ட பெட்டிகளை வழங்கினோம். அக்கருவிகள் மின்விசிறியின் இரைச்சலையும் சேர்த்தே பெருக்குவதால், இப்பிள்ளைகளை விசிறிக்கு அப்பால், முன்வரிசையில் அமர்த்துமாறு ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். இதற்குச் செலவேதும் இல்லை.

மாற்றுத்திறன் கொண்டோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணங்காட்டிக் கல்வி நிறுவனங்களில் அனுமதி மறுப்பதைத் தடை செய்கின்றது. அனுமதி பெற்ற பிள்ளைக்கு வாசிக்கத்தக்க வினாத்தாள் வேண்டும் என்று கோர, 2016இல் இலங்கை ஏற்புறுதி செய்த, மாற்றுத்திறன் கொண்டோரின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தில் கல்வி குறித்த 24ஆம் உறுப்புரை எமக்கு ஆதாரமாகும். இதன்படி, தவணைப் பரீட்சை வினாத்தாள்கள் அனைத்தும் யூனிகோடிலேயே தயாரிக்கப்பட வேண்டுமெனக் கல்வி அதிகாரிகளைக் கோரும் பிரேரணையை, இவ்வறிக்கையுடன் சபையின் அங்கீகாரத்திற்காகச் சமர்ப்பிக்கின்றேன்.

செயலாளர்