கூட்டத்தில் ஒளிய முடியாத விளையாட்டு

கொக்குவில்

அன்பின் மச்சான்,

நலம், நலமறிய ஆவல். அம்மாவின் முழங்கால் வலி முந்தியபடியே இருக்கிறது. ஐயா தோட்டத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்ல வீட்டில் யாருக்கும் தைரியமும் இல்லை. கட்டையனுக்கு ஆவணியில் கல்யாணம் முடிவாகிவிட்டது, பெண் சுன்னாகம். நெற்கபே அண்ணா கடையை விட்டுவிட்டார். அங்கே இப்போது கைப்பேசி திருத்துகிறார்கள். நாம் மூவரும் இரண்டு கதிரைகளில் நெருங்கி உட்கார்ந்த மூலையில் கண்ணாடி அலுமாரி நிற்கிறது. ஊர்ப் புதினம் இவ்வளவுதான்.

‘அடுத்த அஸாஸின்ஸ் கிரீட்டில் என்ன எதிர்பார்க்கிறாய்?’ என்று நம் பழைய வீடியோ விளையாட்டுத் தொடரைப் பற்றிப் போகிறபோக்கில் கேட்டுவிட்டு நீ நித்திரைக்குப் போய்விட்டாய். ஏன் கேட்டாய் என்று தெரியும். நான் கொதிப்பேன், நீ ரசிப்பாய், பிறகு நம் கூட்டாளி ‘கண்ணாடி’க்கு அனுப்பி அவனையும் ரசிக்க வைப்பாய். பரவாயில்லை, அனுப்பு. ஆனால் கடைசிவரை வாசித்துவிட்டு அனுப்பு.

தொடரில் வந்த ‘ஷடோஸ்’ எனக்குப் பிடித்திருந்தது. அதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் நீ பாதியில் விட்டுவிட்டு எல்லோரிடமும் குறை சொல்லித் திரிகிறாய். 1579ஆம் ஆண்டு ஜப்பான். பருவம் மாறினால் ஊரே மாறுகிறது. மாரியில் குளம் உறைந்துவிட்டால் கோடையில் தண்ணீருக்குள் மறைந்து போன வழியால் போக முடியாது. விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்து நமக்கு வேண்டிய இருளை நாமே உண்டாக்கலாம். நிஞ்ஜாப் பெண் நாஓயே தரையோடு தரையாகப் படுத்து ஊர்ந்து போகும்போது, இந்தத் தொடர் தன் வேலையை மறுபடி நினைவுபடுத்திக்கொண்டது என்று நினைத்தேன். இன்னொரு நாயகனான சாமுராய் யசுகேயின் பகுதி வேறு. கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போகிறவனுக்கு இருள் எதற்கு? அந்த இடங்களில் மட்டும் நீ சொல்வதை ஒப்புக்கொள்கிறேன்.

என் நெடுநாள் முறைப்பாடு அளவைப் பற்றியது. 2020இல் ‘வல்ஹல்லா’ வந்தபோது இங்கிலாந்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கதை என்று நீட்டினார்கள். அதன் நாயகி ஐவோர் எதற்காக நோர்வேயை விட்டு வந்தாள் என்பது எனக்கே மறந்துபோனது. 2023இல் ‘மிராஜ்’ ஒரே நகரம் பக்தாத், ஒரே நாயகன் பஸிம் என்று சுருங்கியது. ‘இவ்வளவுதானா?’ என்று கண்ணாடி கோபித்தான். எனக்கு அது போதும். ஒரு நகரத்தின் ஒழுங்கைகள் கால் தானாகத் திரும்பும் அளவுக்குப் பழக வேண்டும். பழைய விளையாட்டுகளில் வெனிஸ் அப்படிப் பழகியது, ஹவானா பழகியது. ‘வல்ஹல்லா’வில் வந்த நோர்தம்பிரியாவின் ஒரு சந்தியைக்கூட இன்று என்னால் சொல்ல முடியாது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன்: இனி வரவிருக்கும் ‘ஹெக்ஸ’. 2022 செப்டெம்பரில் அறிவித்தார்கள். இங்கே பெற்றோல் வரிசையும் மின்வெட்டுமாக இருந்த ஆண்டு அது. எரிபொருள் அட்டையைப் பற்றித்தான் எல்லோரும் கதைத்தோம், விளையாட்டைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. அறிவிப்பில் காட்டியது மிகக் கொஞ்சம். இருண்ட காடு, பறக்கும் தீப்பொறி, சுள்ளிகளைக் கட்டிச் செய்த அந்தப் பழைய சின்னம். மற்றவற்றிலிருந்து மிகவும் வேறுபட்ட ஒன்றாக இருக்கும் என்று தயாரிக்கும் யுபிசொஃப்ட் நிறுவனத்தார் சொன்னார்கள். புனித உரோமப் பேரரசில் சூனியக்காரிகள் என்று ஆட்களைப் பிடித்து எரித்த காலம்தான் களம் என்பது பரவலான பேச்சு. அது உண்மையானால், நீ இன்று குடியிருக்கும் ஜேர்மன் மண்ணின் கதை.

எனக்கு வேண்டியதைச் சொல்கிறேன். இந்தத் தொடர் 2007இலிருந்து நமக்கு ஒரு பாடத்தையே படிப்பித்து வந்திருக்கிறது: ஆபத்து வந்தால் சனத்துக்குள் போ. முதல் விளையாட்டில், 1191இன் தமஸ்கஸில் வெள்ளை அங்கி அணிந்தவர்களுக்கு நடுவில் தலை குனிந்து நடந்தால் காவலர் உன்னைத் தாண்டிப் போய்விடுவார்கள். வாங்கில் இரண்டு பேருக்கு நடுவே உட்கார்ந்தால் நீ யாருமில்லை. 2014இன் ‘யூனிட்டி’யில் பாரிஸ் வீதிகளை ஆயிரக்கணக்கான ஆட்களால் நிரப்பினார்கள், அந்த நெரிசல்தான் நமக்குக் கவசம். சூனிய வேட்டையில் இது தலைகீழாக வேண்டும். அங்கே பிடித்துக்கொடுப்பதே சனம்தான். பால் திரிந்ததற்கு, பிள்ளை காய்ச்சலில் போனதற்கு, மே மாதத்தில் உறைபனி விழுந்து திராட்சைக்கொடி கருகியதற்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளின் பெயரைச் சொல்வது கிணற்றடியில் உன்னோடு நின்று தண்ணீர் அள்ளியவள். கூட்டத்துக்குள் போனதும் நெஞ்சு அடித்துக்கொள்ளும் ஒரு அஸாஸின்ஸ் கிரீட் எனக்கு வேண்டும்.

இரண்டாவது, கழுகுப் பார்வையைப் பிடுங்கிவிட வேண்டும். முதல் விளையாட்டிலிருந்தே பொத்தானை அழுத்தினால் பகைவன் சிவப்பு, நண்பன் நீலம், இலக்கு பொன்னிறம். அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு இல்லாத ஒரே வசதி அதுதானே. யார் காட்டிக்கொடுப்பார் என்று நிறம் பார்த்துத் தெரிந்துகொள்ள முடிந்திருந்தால் அவ்வளவு பேர் ஏன் செத்தார்கள்? ஐரோப்பா முழுவதும் கொல்லப்பட்டவர்கள் 40,000 முதல் 60,000 வரை என்று வரலாற்றாசிரியர்கள் கணிக்கிறார்கள். தொடரின் பழைய நாயகன் எட்சியோ தேடப்பட்டபோது சுவரொட்டியைக் கிழித்தோம், கூவி அறிவிப்பவனுக்குக் காசு கொடுத்தோம், பெயர் சுத்தமாகிவிட்டது. வதந்தியை எந்தச் சுவரிலிருந்து கிழிப்பது?

உன் கேள்விக்குப் பிறகு இவற்றையெல்லாம் தேடி வாசிக்கத் தொடங்கி, பம்பேர்க் என்ற ஜேர்மன் ஊரில் வந்து நின்றுவிட்டேன். நியூரம்பேர்க்கிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாமாம், நீ போயிருக்கவே மாட்டாய். 1626 முதல் 1631 வரை அந்தச் சின்ன ஊரையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த ஏறக்குறைய ஆயிரம் பேர் கொல்லப்பட்டார்கள். இதற்கென்றே தனியாக ஒரு சிறைச்சாலை கட்டினார்கள். நகரத்தின் மேயர்களில் ஒருவரான யொஹானஸ் யூனியுஸ் 1628இல் பிடிபட்டார். அவருடைய மனைவியை முன்னமே கொன்றிருந்தார்கள். விரல்களை நெரித்த கருவியால் கை சிதைந்த நிலையில், ஜூலை 24ஆம் திகதி, மகள் வெரோனிகாவுக்கு ஒளித்து ஒரு கடிதம் எழுதினார். தான் குற்றமற்றவனாகச் சிறைக்கு வந்ததையும், குற்றமற்றவனாக வதைக்கப்பட்டதையும், குற்றமற்றவனாகவே சாகப்போவதையும் சொல்கிறார். வதை தாங்காமல் சூனியம் செய்ததாக ஒரு பொய்க் கதையை ஒப்புக்கொண்ட பிறகும் விடவில்லை. சூனியக் கூட்டத்துக்குக் கூடவந்தவர்களின் பெயர்களைக் கேட்டார்கள். யாரையும் தெரியாது என்றார். அப்படியானால் தெருத் தெருவாகப் போவோம், சந்தையில் தொடங்கு, ஒரு தெருவால் போய் அடுத்த தெருவால் திரும்பு, அங்கே குடியிருக்கிறவர்களில் யாரைக் கண்டாய் என்று சொல் என்றார்கள். அடுத்த மாதம் அவரைக் கொன்றுவிட்டார்கள். அவரைக் காட்டிக்கொடுத்த ஆறு பேர் தாங்கள் சாகுமுன் அவரிடம் மன்னிப்புக் கேட்டதாகக் கடிதத்தின் ஓரத்தில் ஒரு குறிப்பும் எழுதியிருக்கிறார்.

தெருத் தெருவாக என்ற இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டேன் மச்சான். உனக்கு ஏன் என்று விளங்கும். அன்றைய சுற்றிவளைப்பில் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக இருத்தப்பட்டவர்களுக்குள் உன் அண்ணாவும் இருந்தார். ஆட்களைக் காட்டிக்கொடுக்க நிறுத்தப்பட்ட, சாக்கு மூடிய தலையாட்டி ஒவ்வொரு முகத்தின் முன்னும் நின்று நின்று நகர்ந்தான். தலை ஆடினால் அந்த ஆள் வண்டியில். அண்ணாவின் முன்னால் அது ஆடவில்லை. பின்னேரம் அவர் வீட்டுக்கு வந்துவிட்டார், உன் அம்மா தேத்தண்ணீர் போட்டுத் தந்தார், நாம் வேறு ஏதோ கதைத்தோம். இத்தனை ஆண்டுகளில் நீயும் நானும் அந்த நாளைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. சாக்குக்குள் இருந்தவன் யார், அவனை என்ன செய்து அங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள் என்று அன்று நான் யோசிக்கவில்லை. பம்பேர்க்கின் அந்த ஆறு பேரை வாசித்த பிறகு யோசிக்கிறேன்.

ஆகவே என் பயம் என்னவென்று சொல்கிறேன். இந்தத் தொடருக்கு ஒரு பழைய வியாதி இருக்கிறது. வரலாற்றில் நடந்த பெரிய கொடுமை எதுவானாலும் பின்னால் ஒரு டெம்ப்ளர் கை, அதாவது அஸாஸின்களுக்குப் பகையான இரகசியச் சங்கத்தின் கை. ‘யூனிட்டி’யில் பாரிஸ் சனம் பசித்ததற்குத் தானியத்தைப் பதுக்கிய டெம்ப்ளர்கள் காரணம். பிரெஞ்சுப் புரட்சியின் தலைவர் ரொபெஸ்பியரும் அவர்களுடைய ஆள். பிரெஞ்சு அரசியல்வாதி மெலோன்ஷோன் அப்போது இந்த விளையாட்டைக் கண்டித்துப் பேசினார். அவர் சொன்னதெல்லாம் எனக்கு உடன்பாடு இல்லை, ஆனால் சீற்றத்தின் காரணம் புரிகிறது. ‘ஹெக்ஸ’விலும் இதையே செய்தால் அது பெரிய அநியாயம். பம்பேர்க்கில் நடந்ததற்கு இரகசியச் சங்கம் தேவைப்படவில்லை. ஒரு ஆயர் இருந்தார், சட்டம் படித்த ஆணையாளர்கள் இருந்தார்கள், பறிமுதல் செய்யச் சொத்து இருந்தது, மோசமான விளைச்சல் இருந்தது, அயலவர் இருந்தார்கள். டெம்ப்ளர்கள் செய்தார்கள் என்று எழுதிவிட்டால் அயலவர்கள் கை கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

மந்திரத்தை உண்மையாக்குவது அதைவிடக் கேடு. தொடரில் வரும் அதிசய சக்தியுள்ள பண்டைப் பொருள்களான ‘ஏதேன் துண்டு’களில் ஒன்றை, ஏதேன் கனியோ வேறெதுவோ, கதாநாயகியின் கையில் கொடுத்து அவள் உண்மையிலேயே சூனியம் செய்கிறாள் என்று காட்டினால், எரித்தவர்கள் சொன்னது சரி என்றாகிவிடும் அல்லவா? பச்சிலை தெரிந்த ஒரு மருத்துவிச்சியாக அவளை வைக்கட்டும். அவளுக்குப் பயம் இருக்கட்டும், மறைகத்தி ஒன்று இருக்கட்டும். எனக்கு வேறு சக்தி வேண்டாம்.

புகழ்பெற்றவர்கள் யாராவது வரத்தானே செய்வார்கள். லியனார்டோ டா வின்சி எட்சியோவுக்குக் கத்தி செய்து கொடுத்ததுபோல் இன்னொருவர் கருவி செய்து கொடுக்க வேண்டாம். கெப்லரைக் கொண்டுவரட்டும். கோள்களின் பாதையைக் கண்டுபிடித்த அதே கெப்லர்தான். அவருடைய வயதான தாய் கத்தரீனா மருந்து என்று நஞ்சு கொடுத்ததாக அயல்வீட்டுப் பெண் 1615இல் பழி சுமத்தினாள். கிழவியைச் சங்கிலியில் கட்டி ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். மகன் தன் வேலையை விட்டுவிட்டு வந்து, குற்றச்சாட்டுகளுக்கு ஒவ்வொன்றாக எழுத்தில் பதில் கொடுத்து, 1621இல் அவரை மீட்டார். அந்த எதிர்வாதத் தாள்களை நீதிமன்றத்துக்குப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதை ஒரு முழு அத்தியாயமாக வைத்தால் நான் ஒரு கொலைகூடக் கேட்க மாட்டேன். ஃபிரீட்ரிஷ் ஸ்பீ என்ற இயேசு சபைக் குருவானவரும் இருக்கிறார். வதை செய்தால் யாரும் எதையும் ஒப்புக்கொள்வார்கள் என்று 1631இல் தன் பெயரைப் போடாமல் நூல் வெளியிட்டவர். அவருடைய கையெழுத்துப் பிரதியை அச்சகத்துக்குக் கடத்துவது அஸாஸின்களுக்கு ஏற்ற வேலை இல்லையா?

கட்டையன் இதைக் கேட்டால் நம் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியனை வைத்துத் தான் கட்டிய கதையை மறுபடி தொடங்குவான். 1560இல் போர்த்துக்கேயர் நல்லூருக்குள் நுழைகிறார்கள், புத்தரின் புனிதப் பல் என்று சொல்லப்பட்ட ஒன்றை எடுத்துக்கொண்டு போய்க் கோவாவில் அழிக்கிறார்கள். ‘அந்தப் பல்தான் ஏதேன் துண்டு, மிச்சத்தை யுபிசொஃப்ட் எழுதட்டும்’ என்று மேசையில் அடித்துச் சொல்வானே. எனக்கும் ஆசைதான். 2016இல் இந்தியாவை வைத்து வந்த சின்ன விளையாட்டோடு நம் பக்கத்துக்கான கணக்கை அவர்கள் தீர்த்துவிட்டதாக நினைக்கக்கூடாது. ஆனால் பம்பேர்க்கின் அயலவர்களை அவர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்று பார்க்காமல் நல்லூருக்கு அழைக்க எனக்கு மனமில்லை. அங்கே டெம்ப்ளர் கதை சொல்கிறவர்கள் இங்கேயும் அதைத்தான் சொல்வார்கள்.

இனி உனக்கு ஒரு வேலை. யூனியுஸின் கடிதம் பம்பேர்க் நூலகத்தில் பாதுகாப்பில் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போ. பார்வைக்கு வைத்திருக்கிறார்களா என்று கேள். வைத்திராவிட்டால் அதன் நல்ல பிரதி அச்சில் கிடைக்குமா என்று விசாரி; உன் ஜேர்மன் மொழி எதற்கு இருக்கிறது? சந்தையிலிருந்து தொடங்கும் தெருக்களையும் படம் எடுத்து அனுப்பு. விளையாட்டு வெளிவரும்போது அவர்கள் கட்டிய ஊரோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

அண்ணாவுக்கு இதைக் காட்டுவதா இல்லையா என்பதை நீ தீர்மானி. கல்யாணத்துக்கு டிக்கெட்டை இப்போதே எடு, ஆவணி நெருங்கினால் விலை ஏறிவிடும். கட்டையன் உன்னைத் தோழனாக நிறுத்தப்போவதாகச் சொல்லித் திரிகிறான்.

அன்புடன்,
உன் கூட்டாளி