குரோம்பேட்டைக் கிணறுகளை மூட விடாதீர்கள்

குரோம்பேட்டை குடியிருப்போர் நலச் சங்க நிர்வாகிகள் அனைவருக்கும் வணக்கம்.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டை இடித்தார்கள். அடுக்குமாடி வரப்போகிறது. செங்கல், காரை, உடைந்த மொசைக் தரை எல்லாவற்றையும் பொக்லைன் வாரி வாரி அந்த வீட்டுக் கிணற்றில் கொட்டியது. முதல் வாரல் விழுந்தபோது தண்ணீர்ச் சத்தம் கேட்டது. சித்திரை வெயிலிலும் நீர் இருந்த கிணறு. நாலைந்து வாரலுக்குப் பிறகு சத்தம் நின்றுவிட்டது. அன்று ராத்திரி தூக்கம் வராமல் எழுதத் தொடங்கியதுதான் இந்த மடல்.

அப்பா இங்கே மனை வாங்கியது 1957-இல். அவருக்குப் பாரிமுனையில் வேலை. சென்னைக் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் 1931-லேயே ஓட ஆரம்பித்துவிட்டதால், பட்டணத்து வாடகை கட்டுப்படியாகாத குமாஸ்தாக் குடும்பங்கள் இந்தத் தண்டவாளம் நெடுக மனை தேடி வந்தன. ஊருக்குப் பெயர் தந்த குரோம் தோல் தொழிற்சாலை ஒரு பக்கம், 1949-இல் தொடங்கிய எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரி ஒரு பக்கம், எங்கள் கண்ணுக்கு மிச்சமெல்லாம் பனைமரமும் வயலும் ஏரியும்தான். தெருவில் குழாய் கிடையாது. அதனால் மனை வாங்கியவர்கள் முதலில் கிணறு வெட்டினார்கள். அதில் ஊறிய தண்ணீரில்தான் சுண்ணாம்பு குழைத்துச் சுவர் எழுந்தது. எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் மூத்த பிள்ளை கிணறு.

பாதாளக்கரண்டி என்றால் இப்போது பிள்ளைகளுக்குத் தெரியாது. தெருவிலேயே ஒரே ஒரு மாமி வீட்டில்தான் அது இருந்தது. கயிறு அறுந்து வாளி உள்ளே போய்விட்டால் அம்மா என்னை அங்கே விரட்டுவாள். மாமி சும்மா தரமாட்டார். ஒரு செம்போ குடமோ அடகு வைக்க வேண்டும். கொக்கி கொக்கியாகத் தொங்கும் அந்த இரும்பைத் தாம்புக்கயிற்றில் கட்டி இறக்கி, அடி தட்டியதும் மெல்ல வட்டமாகத் துழாவ வேண்டும். கயிறு சட்டென்று கனத்தால் ஏதோ சிக்கியிருக்கிறது. ஒரு தடவை வாளிக்குத் துழாவியபோது, நாலு வருஷத்துக்கு முன்னால் அக்கா தவறவிட்ட பித்தளைச் செம்பு பாசி பிடித்து மேலே வந்தது. அக்கா அதற்குள் கல்யாணமாகி டெல்லிக்குப் போயிருந்தாள். அம்மா அந்தச் செம்பைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டே அழுதாள். நான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

கிணற்றை மூடுவதால் வரும் நஷ்டத்தைக் கணக்காகவே சொல்கிறேன். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் தண்ணீர். 13 சென்டிமீட்டர் பெய்தால் நாம் காசு கொடுத்து வாங்கும் 12,000 லிட்டர் லாரி ஒன்று நிறையும். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியதே, அன்றைக்கு ஒவ்வொரு சின்ன மாடியிலிருந்தும் கிட்டத்தட்ட நாலு லாரித் தண்ணீர் தெருவில் ஓடியது. பல வீடுகளுக்குள்ளும் புகுந்தது.

நம் பகுதியின் அடியில் இருப்பது பல்லாவரத்துக் கருங்கல். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இந்தப் பக்கத்துக் கல்தான் போயிற்று. அவர் பெயரிலேயே அதற்குச் சார்னோக்கைட் என்று பெயரும் வந்தது. முழுப்பாறையில் நீர் ஊறாது. அதன் மேல் உளுத்துப்போய்க் கிடக்கும் கல்லும் மண்ணும்தான் நீரைப் பிடித்து வைக்கும். பழைய கிணறுகள் அந்த இடம்வரை இறங்கியிருக்கின்றன. அதை மூடிவிட்டு முந்நூறு அடிக்குப் போர் போட்டால், பாறை வெடிப்பு கிடைத்தால்தான் தண்ணீர்.

மழைநீர் சேகரிப்பை அரசு 2003-இல் கட்டாயமாக்கியது. அதற்காகப் பெயருக்கு ஒரு சின்னக் குழி வெட்டி மூடி போட்ட கட்டடங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தோண்டத் தேவையில்லாத, ஆழமான, சுவர் கட்டிய குழி ஏற்கெனவே இருக்கும்போது அதைக் குப்பையால் நிரப்புவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மாடிக் குழாயைக் கூழாங்கல்லும் மணலும் போட்ட தொட்டி வழியாகக் கிணற்றுக்குள் விட்டால் போதும். முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே விட்டுவிட வேண்டும். சாக்கடையும் தெருத் தண்ணீரும் ஒருநாளும் உள்ளே போகக் கூடாது. குழந்தை விழுந்துவிடும், கொசு வரும் என்று பயப்படுகிறவர்கள் சொல்வதும் நியாயம்தான். இரும்புக் கம்பி மூடியும் கொசுவலையும் போட்டால் இரண்டும் தீரும்.

2019 கோடையில் ஏரிகள் வற்றி ஊரே லாரிக்குக் காத்திருந்தபோது எங்கள் கிணற்றில் முழங்கால் அளவு நீர் கிடந்தது. பாத்திரம் கழுவ ஆறு வீடுகள் அதில் இறைத்தன.

உங்களிடம் கேட்பது இதுதான். உங்கள் தெருக்களில் மிஞ்சியிருக்கும் கிணறுகளை ஒரு நோட்டில் எழுதுங்கள்: எந்த வீடு, எத்தனை அடி, எந்த மாதம் வற்றும், எந்த வருஷம் வெட்டியது. கடைசிக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்களுக்கு எழுபது, எண்பது வயதாகிவிட்டது. அவர்களிடம் முதலில் போங்கள். ஒரு வீடு விலைக்குப் போகிறது என்று தெரிந்ததுமே, பொக்லைன் வருவதற்கு முன்னால், வாங்குகிறவரிடம் நேரில் பேசுங்கள். புதுக் கட்டட வரைபடத்தில் கிணற்றுக்கு ஓர் ஓரம் ஒதுக்கச் சொல்லுங்கள். கார் நிறுத்தும் இடத்துக்கு அடியிலேயேகூட அதை விட்டுவைக்கலாம்.

எங்கள் தெருவில் இன்னும் நாலு கிணறு உயிரோடு இருக்கிறது. எந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தாலும் நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன். ஆழம் பார்க்கக் கயிறு என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
தண்டவாளத்துக்குக் கிழக்கே வளர்ந்து, இன்னும் அங்கேயே இருக்கும் ஒருவன்