"பிறகு என்ன வரும்?" மட்டும் போதாது, ரீச்சர்

அன்புள்ள ரீச்சர்,

முன்பள்ளியில் 4 வயதுப் பிள்ளைகளோடு ‘கோலம்’ தொடங்கப் போகிறீர்கள். சிவப்பு மூடி, நீல மூடி என்று அடுக்கிவிட்டு "பிறகு என்ன வரும்?" என்று கேட்டால் போதுமா என்பது உங்கள் கேள்வி. முற்றத்து மாக்கோலத்தைச் சொல்லவில்லை, ஒரு விதிப்படி தொடர்ந்து போகும் வரிசையைச் (pattern) சொல்கிறோம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் பின்னர் ‘எண் கோலங்கள்’ என்று வருமே, அதற்கு முந்திய படி. போதாது என்பதுதான் எங்கள் பதில்.

அந்தக் கேள்விக்கு வரிசையைப் பார்க்காமலே சரியான விடை சொல்லிவிடலாம். கடைசியில் இருப்பது சிவப்பு, ஆகவே மற்ற நிறம். பிள்ளை பார்த்தது ஒரேயொரு மூடியை. சோதித்துப் பார்ப்பது சுலபம். ஒரு மூடி, இரண்டு புளியங்கொட்டை. இப்படி மூன்று தரம் வைத்துவிட்டுத் தொடரச் சொல்லுங்கள். பல பிள்ளைகள் மூடி, கொட்டை, மூடி, கொட்டை என்று போய்விடுவார்கள். கவனமில்லை என்று ஏசாதீர்கள். மாறி மாறி வருவதுதான் விதி என்று பழக்கியதே நாங்கள்தான்.

பிள்ளை பிடிக்க வேண்டியது திரும்பத் திரும்ப வரும் துண்டை. அதற்கு ஆளுக்கு 8 போத்தல் மூடியும் 12 புளியங்கொட்டையும் ஒரு கட்டு ஈர்க்குத் துண்டும் போதும். வரிசையை நீங்கள் வைத்துவிட்டு, "எது திரும்பத் திரும்ப வருகுது? ஈர்க்கு வைச்சுப் பிரியுங்கோ பாப்பம்" என்று சொல்லுங்கள். மூடி–கொட்டை–கொட்டை, ஈர்க்கு, மூடி–கொட்டை–கொட்டை, ஈர்க்கு. தடுமாறினால் வாயால் வாசிக்கச் சொல்லுங்கள். குரலே துண்டு துண்டாகப் பிரிந்துவிடும். ஒரு துண்டு மூன்று தரமாவது வந்திருக்க வேண்டும். இரண்டு தரம் மட்டும் வைத்தால் பிள்ளை வேறொரு விதியைச் சொல்லலாம், அதுவும் பிழையில்லை!

ஈர்க்கு பழகியதும் சிரட்டைக்கு வாருங்கள். வரிசையின் நடுவில் ஒன்றைச் சிரட்டையால் மூடி, "உள்ளுக்க என்ன ஒளிச்சிருக்கு?" என்று கேளுங்கள். இடமும் வலமும் பார்க்காமல் விடை வராது. கடைசியை மட்டும் பார்க்கும் பழக்கத்துக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. அதற்குப் பிறகு அதே வரிசையை வேறொன்றால் செய்யச் சொல்லுங்கள்: மூடிக்குக் கைதட்டு, கொட்டைக்குத் தொடையில் தட்டு. மூடியும் கைதட்டும் ஒரே கோலம் என்று பிள்ளைக்கு விளங்கினால்தான் பாடம் ஏறியிருக்கிறது.

பொருள்கள் நிறத்தில் மட்டும் வேறுபடக் கூடாது. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத பிள்ளை வகுப்பில் இருக்கலாம், ஆண்பிள்ளைகளில் கூடுதலாக.

வகுப்புக்கு வெளியே வந்தால் குழற்புட்டு இருக்கிறது. மா, தேங்காய்ப்பூ, மா, தேங்காய்ப்பூ. குழலுக்குள் கண் போகாது என்பதே இதன் சிறப்பு. போடும்போது ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போடுங்கள். அவித்த பிறகு தள்ளும்போது பிள்ளைகள் சொன்னது சரிதானா என்று பார்க்கட்டும். அடியிலிருந்து தள்ளினால் கடைசியாகப் போட்டது முதலில் வெளிவரும். இரண்டு பங்கு மாவுக்கு ஒரு பங்கு பூ என்று போட்ட நாளில் அந்தத் தலைகீழ் நல்ல வாக்குவாதத்தைக் கிளப்பும். ஆவியும் அடுப்பும் பெரியவர் கையில் இருக்கட்டும்.

எங்கள் விருப்பம் ஓலை இழைப்புத்தான். பனையின் இளம் ஓலையான சார்வோலையை 2 சென்ரிமீற்றர் அகலத்தில், 20 சென்ரிமீற்றர் நீளத்தில் வார்ந்தெடுங்கள், ஈர்க்கை நீக்கிவிடுங்கள். காய்ந்த ஓலை முறியும், ஈரத்துணியில் சுற்றி வைத்தால் வளையும். 8 ஓலையை நெடுக்கே அடுக்கித் தலைப்பைப் பலகையில் ஒட்டுங்கள். முதல் குறுக்கோலை மேல், கீழ், மேல், கீழ். இரண்டாவதைக் கீழிலிருந்து தொடங்க வேண்டும். பிள்ளைகள் அதையும் மேலிலிருந்தே தொடங்குவார்கள். அப்போது இரண்டு ஓலையும் ஒரே ஓலைபோல் ஒன்றின் பாதையில் ஒன்று போய், பூட்டில்லாமல் வழுக்கி ஒன்றன்மேல் ஒன்று ஏறும். நீங்கள் பிழை சொல்லத் தேவையில்லை, ஓலை சொல்லிவிடும். மூடி வரிசையில் இந்த வசதி இல்லை, பிழையாக அடுக்கினாலும் அது பேசாமல் கிடக்கும். பதகளிப்பட்டு உடனே திருத்தப் போகாதீர்கள். "ஏன் இது நிக்குதில்லை?" என்று மட்டும் கேட்டுவிட்டு விலகி நில்லுங்கள்.

பூக்களைக் கொஞ்சமாக. ஒற்றைச் செவ்வரத்தைக்கும் நித்தியகல்யாணிக்கும் 5 இதழ், வெட்சிக்கு 4. ஒரு பூவோடு நிறுத்தாமல் பத்துப் பூவிலாவது எண்ணட்டும். அடுக்குச் செவ்வரத்தையை யாராவது கொண்டுவந்து கணக்கைக் குழப்பினால் நல்லதே.

ஒழுங்கில்லாததையும் காட்டுங்கள். கோயில் மதிலில் காவிப்பட்டை, வெள்ளைப்பட்டை என்று முறை இருக்கும். கதியால் வேலியில் கிளுவை, பூவரசு, பிறகும் கிளுவை என்று கிடைத்ததை நட்டிருப்பார்கள். "இதில கோலம் இருக்கோ?" என்றால் "இல்லை" என்று சொல்லத் தெரிய வேண்டும். எல்லாவற்றிலும் கோலம் கண்டு தலையாட்டும் பிள்ளை எங்களைத் திருப்திப்படுத்தப் பார்க்கிறது, வேலியைப் பார்க்கவில்லை.

புள்ளிக் கோலத்தை அதே கிழமையில் தொடங்க வேண்டாம். 1, 3, 5 என்று புள்ளி கூடிப் பிறகு 3, 1 என்று குறைவது இன்னொரு வகை. திரும்பும் துண்டைத் தேடினால் கிடைக்காது. ஈர்க்கு வைக்கும் பழக்கம் ஊறிய பிறகு மணல் தட்டில் புளியங்கொட்டையைப் புள்ளியாக வைத்துத் தொடங்கலாம். 13 கொட்டை போதும்.

இப்படிக்கு,
உங்கள் தோழியர்

பின்குறிப்பு: சிவப்பும் கறுப்புமாக அழகாய் இருக்கிறதென்று குன்றிமணியை எடுத்துவிடாதீர்கள். அதன் பருப்பு கொடிய நஞ்சு. ஆமணக்கங்கொட்டையும் அப்படியே. பூசைக்கு ஆயும் அலரியில் இலை, பூ எல்லாமே நஞ்சு. புளியங்கொட்டை நஞ்சில்லை, ஆனால் தொண்டையிலும் மூக்கிலும் சிக்கும். 3 வயதுக்குக் குறைந்த தம்பி தங்கைகள் வரும் நாளில் பெரிய சிப்பிகளும் சிரட்டைகளும் மட்டும். கொடுக்கும்போது எண்ணிக் கொடுங்கள், வாங்கும்போதும் எண்ணி வாங்குங்கள்.