வசனம் எழுதி அனுப்பவில்லை

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்ததில் நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம். சின்னவனுக்குத் திருப்பூரில் வேலை கிடைத்துவிட்டது. வாராவாரம் அழுக்குத் துணி மூட்டையோடு வந்து இறங்குகிறான்.

பேத்தியின் பள்ளி ஆண்டு விழாவுக்கு நாடகம் எழுதித் தரக் கேட்டிருந்தாய். எழுத மனசு வரவில்லை. போன வருஷம் இங்கே ஒரு விழாவில் பார்த்தேன். வசனம் முழுக்கப் பதிவு செய்து ஸ்பீக்கரில் ஓடுகிறது, பிள்ளைகள் வாயை மட்டும் அசைக்கிறார்கள். கட்டபொம்மன் வாயை மூடிய பிறகும் கர்ஜனை நிற்கவில்லை!

என் வகுப்பில் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு நாடகத்துக்குத்தான். முதலில் விளையாட்டு. ஒரு துண்டைக் கொடுத்து, அதைத் துண்டாக இல்லாமல் வேறு எதுவாகவாவது காட்டச் சொல்வேன். ஒருத்தன் குழந்தையாக்கித் தாலாட்டுவான், ஒருத்தி வலையாக்கி வீசுவாள். அப்புறம் இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஒருவர் செய்வதை மற்றவர் கண்ணாடி மாதிரி செய்ய வேண்டும். பாதிக் கூச்சம் அதிலேயே போய்விடும்.

பிறகு தெரிந்த கதை ஒன்று, பேச்சு அவர்களுடையது. ஆறாம் வகுப்புக்குப் பாட்டி வடை சுட்ட கதையைக் கொடுத்தேன். காக்கா வந்து உட்கார்ந்ததும் பாட்டியாக நடித்த பெண் இடுப்பில் கைவைத்து, "பழைய பாக்கி முப்பது ரூபா எங்கே?" என்றாள். அவள் அம்மா தள்ளுவண்டியில் பலகாரம் விற்கிறார். கடைசிவரை கடன் பஞ்சாயத்துதான், நரி வரவே இல்லை. பாடம் வாசிக்கச் சொன்னால் எழுந்திருக்கவே தயங்குகிற பெண் அவள்.

2022-23 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழாப் போட்டிகள் நடக்கின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் போட்டி என்றாலே நன்றாக நடிக்கிற நாலு பேரைப் பொறுக்கிக்கொண்டு, மற்றவர்களைக் கைதட்ட உட்காரவைத்துவிடுகிறோம். கூச்சப்படுகிறவனுக்குத்தானே நாடகம் முதலில் வேண்டும்?

நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பையன்கள் வசனத்தை மனப்பாடம் செய்யவில்லையா என்று கேட்பாய். 1918-ல் மதுரையில் அவர் தொடங்கிய பாலசபை என்ற சிறுவர் நாடகக் குழு, பிள்ளைகள் நடித்துப் பெரியவர்கள் காசு கொடுத்துப் பார்த்த தொழில். வகுப்பறைக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. புதுச்சேரி நாடகக்காரர் வேலு சரவணனின் 'கடல் பூதம்' அந்தப் பக்கம் நடந்தால் பேத்தியைக் கூட்டிப் போ. அது பிள்ளைகளுக்கென்றே நடக்கிற நாடகம்.

டீச்சரிடம் பேசிப் பார். சம்மதித்தால் ஒரு சனிக்கிழமை நானே பஸ் ஏறி வருகிறேன். ஒரு பழைய துண்டு மட்டும் எடுத்து வைக்கச் சொல்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சேகர்