கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தவர் முதல் கூடவே பஸ் ஏறியவர் வரை: எங்கள் நன்றி

அன்புடையீர், வணக்கம்.

ஒட்டன்சத்திரம் வட்டத்தில் எங்கள் ஊராட்சியில் நடந்த கர்ப்பப்பை வாய், மார்பகப் புற்றுநோய் பரிசோதனை முகாம் நல்லபடியாக முடிந்தது. உதவியவர்களில் பலர் மேடைக்குக் கூப்பிட்டால் வராதவர்கள், பெயர் போடக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். அதனால் பெயரில்லாமல் இந்த மடல்.

தோட்டத்துக்காரர்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். முருங்கையும் தக்காளியும் பறிப்பில் இருக்கும்போது ஆள் விடுவது லேசுப்பட்ட காரியமில்லை. அரைநாள் விட்டு முழுக்கூலியும் கொடுத்தீர்கள். எங்கள் பெண்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று வெளியூர்க்காரர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அன்றாடம் கூலிக்குப் போகிறவளுக்கு உடம்பைப் பற்றி அக்கறை இல்லாமலில்லை. கூலி போனால் அன்றைக்கு அடுப்பு எரியாது என்பதுதான் அவள் கணக்கு. அந்தக் கணக்கை நீங்கள் மாற்றிக் கொடுத்தீர்கள்.

பள்ளித் தலைமை ஆசிரியை வகுப்பறையைத் திறந்துவிட்டார். எங்கள் தச்சர் அண்ணன் கேட்காமலே வந்து உள்தாழ்ப்பாள் மாட்டினார். தையல்கடை அக்கா ஜன்னலுக்கெல்லாம் கெட்டித் துணியில் திரை தைத்துத் தந்தார், கூலி வாங்கவில்லை. இதெல்லாம் சின்ன விஷயமாகத் தெரியலாம். முன்பு ஒரு முகாமில் கதவு சரியாகச் சாத்தாத அறையைப் பார்த்துவிட்டு வாசலோடு திரும்பிய பெண்கள் இந்த முறை உள்ளே போனார்கள் என்றால், அந்தத் தாழ்ப்பாளும் திரையும்தான் காரணம்.

சிஸ்டர், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது! பயந்து வந்தவர்களிடம் முதலில் பஞ்சையும் மருந்தையும் கையில் கொடுத்தே காட்டினீர்கள். காடித் தண்ணீர் போலப் புளிப்பு வாடை அடிக்கும் அசிட்டிக் அமிலம், அவ்வளவுதான். கர்ப்பப்பை வாயில் அதைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெள்ளையாக ஏதும் மாறுகிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பது. அந்த ஒரு நிமிடம் முழுக்க முருங்கைக்காய் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தீர்களாம். "பேச்சு முடியறதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்று எங்கள் பெரியம்மா வெளியே வந்து சொன்னதைக் கேட்டுத்தான் வரிசை நீண்டது.

இந்தச் சோதனை எங்கள் மாவட்டத்துக்குப் புதிதல்ல என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன். 2000இல் தொடங்கி, அம்பிளிக்கை கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய நல மையம், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, பிரான்சிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மூன்றும் சேர்ந்து திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் இதே சோதனையைச் செய்தன. சோதித்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். 30 முதல் 59 வயது வரையிலான 31,343 பெண்கள் சோதனைக்கு வந்தார்கள். சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் இறப்பது மற்ற ஊர்களைவிட 35 சதவீதம் குறைந்திருந்தது. 2007இல் அந்த முடிவு வெளிவந்தது. அன்று சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்து படுத்த நம் அம்மாக்களுக்கும் சித்திகளுக்கும் உலகமே கடன்பட்டிருக்கிறது. அவர்களுக்கும் சேர்த்து இந்த நன்றி.

குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று தன் சிகிச்சையைப் பற்றிப் பேசிய அக்காவை மறக்கவே முடியாது. "வெள்ளை படுறது, உறவுக்கு அப்புறம் ரத்தம் வர்றது எதையும் மூடி வைக்காதீங்க" என்று நீங்கள் சொன்னபோது அத்தனை பேரும் தலைகுனிந்து கேட்டார்கள். மறுநாள் சிலர் தனியாக உங்கள் வீட்டுக்கே வந்தார்கள்.

முகாமைவிடக் கடினமானது அதற்குப் பிறகு வரும் வேலை. வெள்ளை மாற்றம் தெரிந்தவர்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போய் கால்போஸ்கோபி, அதாவது கர்ப்பப்பை வாயைக் கருவியால் பெரிதாக்கிப் பார்க்கும் சோதனை, செய்ய வேண்டும். வெள்ளை தெரிந்தாலே புற்றுநோய் என்று பொருளில்லை, இந்தப் புற்றை உண்டாக்கும் எச்.பி.வி. என்ற வைரஸ் கிருமி தங்கி அது புற்றாக மாறப் பெரும்பாலும் 15, 20 ஆண்டுகள் ஆகும், இடையில் பிடித்துவிட்டால் சின்னச் சிகிச்சையோடு முடிந்துவிடும். இதை நாங்கள் ஆயிரம் சொன்னாலும், ஓ.பி. சீட்டு எங்கே வாங்குவது, எந்தக் கட்டடம், எந்த மாடி என்று தெரியாமல் பாதியில் திரும்பிவிடுவார்கள். மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலர் தங்கையே, அவர்கள் ஒவ்வொருவருடனும் நீ பஸ் ஏறினாய். மதியச் சோறு கட்டிக்கொண்டு போய், அறைக்கு வெளியே உட்கார்ந்து, முடிவு வாங்கிக்கொண்டுதான் திரும்பினாய். போக வேண்டியவர்கள் ஒருவர் விடாமல் போய் வந்தது உன்னால்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட மாமியார்கள், வண்டியில் கூட்டி வந்து மரத்தடியில் காத்திருந்த கணவன்மார்கள், டீ போட்டுக் கொடுத்த இளைஞர்கள் எல்லோருக்கும் நன்றி.

வர முடியாமல் போனவர்கள் 30 வயது கடந்திருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். இந்தப் பரிசோதனைக்குக் காசு கிடையாது. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்துகொள்ளலாம். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் குழுவில் யாரிடமாவது சொல்லுங்கள், நாங்கள் கூட வருகிறோம்.

நன்றியுடன்,
செயலாளர்,
மகளிர் சுய உதவிக் குழுக்களின் ஊராட்சிக் கூட்டமைப்பு