செத்த புழுவை எண்ணுவதா, தின்ற இலையை எண்ணுவதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் வேளாண் பகுதியில், வேப்பங்கொட்டைச் சாறு தெளித்த மறுநாளும் புழு உயிரோடு இருப்பதால் அதனால் பயனில்லை என்று எழுதியிருந்ததைப் படித்து என் மனம் ஆறவில்லை. வேம்பிலுள்ள அசாடிராக்டின் என்னும் பொருள் பட்ட இலையைப் புழு தின்னாமல் ஒதுக்கும், தின்ற புழுவும் தோலுரிக்க முடியாமல் நலியும் என்பது தாங்கள் அறியாததன்று. 1962-இல் டெல்லி வேளாண் விஞ்ஞானிகள் வேப்பம்பருப்புக் கரைசலைத் தெளித்த பயிரில் வெட்டுக்கிளிகள் வந்து அமர்ந்தும் தின்னவில்லை. அவை செத்தனவா என்று யாரும் கேட்கவில்லை, பயிர் தப்பியது.

எங்கள் மணிலாக் (நிலக்கடலை) கொல்லையில் ஒரு பட்டத்தில் இலை தின்னும் புரொடீனியாப் புழு விழுந்தபோது, கடையில் கொடுத்த மருந்தை இரண்டு முறை அடித்தும் இலை சல்லடையானது. அடுத்த ஆண்டு முட்டைக் குவியலைக் கண்டதுமே, என் மனைவி நிழலில் உலர்த்தி வைத்திருந்த கொட்டையை உடைத்து, 5 கிலோ பருப்பை இடித்து, இரவு முழுதும் ஊறவைத்து, பால்போல் வந்த சாற்றை வடிகட்டி, 100 லிட்டராக்கி, சோப்புக் கரைசல் கலந்து, வெயில் தாழ்ந்தபின் தெளித்தோம். மூன்றாம் நாள் குஞ்சுப் புழுக்கள் இருந்தன. புதுத் தளிரில் ஓட்டை இல்லை. முற்றிய புழுவை இது நிறுத்தாது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

வேப்பெண்ணெயும் பருப்புச் சாறும் ஒன்றே என்பதுபோல் தங்கள் இதழ் முன்பொரு முறை எழுதியபோதும் கடிதம் போட்டேன், பதில் இல்லை. வெயிலில் அசாடிராக்டின் சிதையும் என்று சொல்லாமல், உச்சிப்பொழுதில் அடிக்கச் சொல்லி வேம்பு மருந்தை விற்ற கடைக்காரரிடம் ஏமாந்தவர்கள் எங்கள் ஊரில் பலர். அவர்களும் இன்று வேம்பைத்தான் பழிக்கிறார்கள். வேப்பெண்ணெயால் பூஞ்சையைத் தடுக்கும் முறைக்கு ஐரோப்பாவில் வெளியார் பெற்ற காப்புரிமையை, 2005 வரை வழக்காடி நீக்க வேண்டியிருந்தது. அயலார் உரிமை கொண்டாடிய பொருளை நம் இதழே பயனற்றது என்று எழுதுவதை எப்படித் தாங்குவது?

நான் கேட்பது நான்கு வரித் திருத்தம் மட்டுமே. சாறு புழுவைத் தின்னவிடாமல் தடுக்கும், இளம்புழுப் பருவத்தில் மாலையில் தெளிக்க வேண்டும், எட்டு மாதத்துக்கு மேற்பட்ட கொட்டை ஆகாது என்று அடுத்த இதழிலேயே வெளியிடுங்கள். ஆனி பிறந்துவிட்டது, பழம் உதிர்கிறது. பொறுக்குவதா வேண்டாமா என்று பெண்கள் எங்கள் வீட்டுக்கு வந்து கேட்கிறார்கள்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
மணிலா விவசாயி, திருவண்ணாமலை மாவட்டம்