மூக்கு சொட்டு மருந்தும் ஸ்ப்ரேயும் ஒண்ணு இல்லங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் வந்த கோடைகால உடல்நலக் கட்டுரைல நீர்மோர், நுங்கு, வேர்க்குருன்னு எல்லாம் எழுதிருந்தீங்க, நல்லா இருந்துச்சு, ஆனா மாசில இருந்து சித்திரை வரைக்கும் தும்மியே ஓஞ்சு போறவங்களப் பத்தி ஒரு வரி கூட இல்ல, அதான் எழுதுறேன்.

எங்க வீடு ஒத்தக்கடை பக்கம். காலைல வாசல் தெளிச்சுக் கோலம் போடக் குனிஞ்சாலே வரிசையா பத்துப் பதினஞ்சு தும்மல், கண்ணு அரிப்பு, மூக்குல தண்ணியா ஊத்தும். காய்ச்சல் கெடையாது. நாலு வருசம் சளின்னே நெனச்சு ஆவி புடிச்சேன், கசாயம் குடிச்சேன். அப்புறம் மெடிக்கல்ல ஒரு சொட்டு மருந்து குடுத்தாங்க, விட்ட அஞ்சு நிமிசத்துல மூக்கு தொறந்துருச்சு, அந்த சொகத்துல மூணு மாசம் விட்டுக்கிட்டே இருந்தேன், கடைசில அது இல்லாம ராத்திரி தூங்கவே முடியல, அம்புட்டு அடைப்பு.

ஈஎன்டி டாக்டர்கிட்ட போனப்பதான் தெரிஞ்சுச்சு, ஆக்ஸிமெட்டசோலின், சைலோமெட்டசோலின்னு போட்டிருக்க சொட்டு மருந்த 3 நாள், மிஞ்சிப் போனா 5 நாளைக்கு மேல விடக் கூடாதாம், விட்டா அந்த மருந்தே மூக்க அடைக்குமாம். எனக்கு இருந்தது சளியே இல்லயாம், மகரந்த அலர்ஜியாம், அதுக்கு அவர் எழுதிக் குடுத்தது ஃப்ளூட்டிகசோன் ஸ்ப்ரே. இது ஒடனே கேக்காது, தெனமும் அடிக்கணும், முழுசா கேக்க ஒண்ணு ரெண்டு வாரம் கூட ஆகலாம். நாலாம் நாளே கேக்கலன்னு தூக்கிப் போட இருந்தேன். ஸ்டீராய்டுன்னதும் பயந்துட்டேன், ஆனா மூக்குல அடிக்கிறது ஒடம்புக்குள்ள போறது ரொம்பக் கம்மின்னு வெளக்கினாரு. நடுத்தண்டுல படாம காது பக்கமா சாய்ச்சு அடிக்கணும், இல்லன்னா ரத்தம் கசியும். இப்ப தை கடைசிலயே ஆரம்பிச்சிர்றேன், இந்த வருசம் கோலம் போட முடிஞ்சது எனக்குப் பெரிய விசயம்.

செட்டிரிசின்ங்கற அலர்ஜி மாத்திரையப் போட்டுட்டு பைக் ஓட்டாதீங்க, தூக்கம் கண்ணக் கட்டும். தும்மலோட மூச்சு இழுப்பும் சேந்து வந்தா ஆஸ்துமாவா இருக்கலாம், வீட்டு வைத்தியம் பாக்காம பெரியாஸ்பத்திரிக்காவது போயிருங்க. வெளிய போயிட்டு வந்தா மூஞ்சி கழுவி துணி மாத்துறது, அலர்ஜி இருக்கவங்க துணிய மாடில காயப் போடாம உள்ள போடுறது, இதெல்லாம் செலவில்லாம கேக்குது.

இன்னொண்ணு. கண்மாய்க் கரை பூராம் சீமைக்கருவேலம் மஞ்சக் கதிரா பூத்துக் கெடக்கு, காலி பிளாட்டெல்லாம் பார்த்தீனியம் வெள்ளையா நிக்கிது. ரெண்டு மகரந்தமும் அலர்ஜி கெளப்புறதுதான், பார்த்தீனியம் தோல்ல பட்டா அரிச்சுப் புண்ணாவும். பார்த்தீனியம் பூத்து வெதை உதுந்தப்புறம் ஆள விட்டு வெட்டுறாங்க, அது மறுபடி மொளைக்கத்தான் செய்யும். பூக்குறதுக்கு முன்னாடி, மழைக்கு மண்ணு இளகி இருக்கும்போதே, கைக்கு உறை மாட்டி வேரோட புடுங்கச் சொல்லி எங்க ஊராட்சில மனு குடுத்துருக்கேன். நீங்களும் அடுத்த வருசம் தை மாச இதழ்லயே இதப் பத்தி ஒரு பக்கம் போடுங்க, பங்குனில போட்டா எங்களுக்கு லேட்டு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஒத்தக்கடை, மதுரை.